நர்ஸிங் முடிச்சவங்க ஹெல்த் சர்வே வேலைக்கு போலாமா?

ஜிஎன்எம் (நர்ஸிங் டிப்ளமோ) முடிச்சுட்டு ஒரு ஆஸ்பத்திரில இருந்தேன், பாப்பா பொறந்தப்புறம் நைட் டூட்டி ஒத்துவரலன்னு விட்டுட்டேன். இப்ப கான்ட்ராக்ட்ல சர்வே எடுக்க கூப்பிடுறாங்க, நம்ம இஷ்டத்துக்கு டைம் வச்சுக்கலாம்னு சொல்றாங்க, நெஜமாவா? போனவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

பதில் 1:
சிஸ்டர், எந்த சர்வேங்கிறத பொறுத்து இருக்கு. நான் 2019-21ல நடந்த தேசிய குடும்ப நல சர்வேக்கு போனேன், அதுல இஷ்டத்துக்கு டைமெல்லாம் கிடையாது, டீமா வண்டில கிளம்பி ஊர் ஊரா தங்கணும். நம்ம வேலை உயரம் எடை பாக்குறது, பிபி, விரல்ல குத்தி ஹீமோகுளோபின். முதல் சொட்ட துடைச்சுட்டுதான் எடுக்கணும், அமுக்கி பிழிஞ்சா ரீடிங் தப்பா வரும். ரெண்டு வயசுக்குள்ள இருக்குற குழந்தைய படுக்கவச்சுதான் அளக்கணும், அது கத்துற கத்துல பக்கத்து வீடே வந்து நிக்கும் 😄 கேள்வி கேக்குறது வேற ஆளுங்க, பதிலெல்லாம் சின்ன கம்ப்யூட்டர்ல ஏத்திடுவாங்க.

பதில் 2:
காசு விஷயத்த எழுதி வாங்கிக்கோங்க மா. ஃபாரத்துக்கு இவ்ளோன்னு குடுப்பாங்களா, நாள் கணக்கா, பஸ் காசு யாரு, வீடு பூட்டியிருந்து திரும்ப போனா அதுக்கு உண்டா, இதெல்லாம் முன்னாடியே கேளுங்க. டிடிஎஸ்னு காசுலருந்து வரி புடிச்சா, அது உங்க பான் நம்பர் கணக்குல ஏறுதான்னு பாத்துக்கோங்க. ட்ரெயினிங்குக்கு டெபாசிட் கேட்டா அந்த பக்கமே போகாதீங்க.

பதில் 3:
கைக்குழந்தைனா பேஷண்டுக்கு போன் போட்டு இப்ப எப்படி இருக்காங்கன்னு ஃபாலோ-அப் கேக்குற வேலை தேடுங்க அக்கா, வீட்லருந்தே பண்ணலாம். ஆனா பேஷண்ட் சாயங்காலம்தான் போன எடுப்பாங்க, அந்த நேரம் பாப்பாவ பாத்துக்க ஆள் இருக்கா?