ஃப்ளூ அலை இறங்குதுன்னு எந்தக் கணக்கை வெச்சுச் சொல்றது?

மண்டலக்_கணக்கு:
சென்னையில ஒரு மண்டலத்தோட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல இருந்து வர்ற வாராந்திரக் காய்ச்சல் கணக்கைத் தொகுக்கறேன். தீபாவளி வாரம் எண்ணிக்கை சட்டுனு இறங்குச்சு, அடுத்த வாரமே ஏறிடுச்சு. மழையும் விடலை. ஃப்ளூ நிஜமாவே குறையுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஓபி_சீட்டு:
மொத்தக் காய்ச்சலை எண்ணாதீங்க. வடகிழக்குப் பருவமழை சமயத்துல டெங்குவும் அதுல கலந்துடும். உலக சுகாதார நிறுவன வரையறைப்படி 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சல், கூடவே இருமல், ஆரம்பிச்சு 10 நாளுக்குள்ள வந்தவங்க: இவங்களை மட்டும் பிரிச்சு எடுத்து, மொத்த ஓபியால (அந்த வாரம் வந்த புறநோயாளிகள் எண்ணிக்கையால) வகுங்க. லீவு வாரத்துல ஓபியே குறையும்ங்கறதால வெறும் எண்ணிக்கை ஏமாத்திடும்.

அந்த விகிதத்தை அதே வாரத்து ஃப்ளூ பாசிட்டிவ் விகிதத்தால, அதாவது டெஸ்ட் பண்ணவங்கள்ல ஃப்ளூ உறுதியானவங்க சதவீதத்தால, பெருக்குங்க. 1000 ஓபியில 120 பேர், டெஸ்ட்ல 30% பாசிட்டிவ்னா 12 × 0.30 = 3.6%. அடுத்த வாரம் 110 பேர், 18%னா 1.98%. வெளியில பார்த்தா வரிசை அப்படியேதான் நிக்கும். ஃப்ளூ கிட்டத்தட்ட பாதியாயிருக்கும்.

விடிஎம்_குப்பி:
மேலே சொன்ன பெருக்கல் சரி. ஆனால் இரண்டு விகிதமும் ஒரே கூட்டத்திலிருந்து வர வேண்டும். எச்1என்1 (பன்றிக் காய்ச்சல் எனப்படும் ஃப்ளூ) வழிகாட்டுதல் நோயாளிகளைத் தீவிரத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரிக்கிறது. வீட்டிலேயே இருக்கக்கூடிய ஏ, பி பிரிவினருக்கு டெஸ்ட் கிடையாது, அட்மிட் செய்ய வேண்டிய சி பிரிவுக்குத்தான். அதனால் ஆஸ்பத்திரி பாசிட்டிவ் விகிதம் அட்மிட் ஆனவர்களுடையது. அதை ஓபி விகிதத்தோடு பெருக்கினால் விடை அர்த்தமில்லாதது. ஓபியிலேயே வாரம் இத்தனை பேர் என்று வைத்து, வரிசைப்படி ஸ்வாப் (மூக்கு, தொண்டையிலிருந்து குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். "ரொம்ப முடியாதவர்களை" மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது.

20 ஸ்வாபில் 5 பாசிட்டிவ் என்றால் 25%தான். ஆனால் 95% நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் 11% முதல் 47% வரை விரியும். அடுத்த வாரம் 3 வந்தது என்று இறக்கம் அறிவிக்க முடியாது. மூன்று வாரச் சராசரி போடுங்கள்.

ஸ்வாபைக் கையாளும் விதமும் பொய் இறக்கம் காட்டும். அறிகுறி தொடங்கி நாலைந்து நாளுக்குள் எடுத்து, 2 முதல் 8 டிகிரியில் வைத்து, 72 மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் மைனஸ் 70 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். தொடர் விடுமுறையில் ஐஸ் பெட்டி உருகிக் கிடந்த குப்பிகள் நெகட்டிவாகவே வரும்.

மண்டலக்_கணக்கு:
நன்றிங்க. என்கிட்ட ரிசல்ட் வந்த தேதி மட்டும்தான் இருக்கு. அதை வெச்சு வாரம் பிரிக்கலாமா?

ஓபி_சீட்டு:
வேண்டாம். லேப்ல தேங்கினதெல்லாம் ஒரே நாள்ல வந்து விழுந்தா இல்லாத உச்சம் ஒண்ணு தெரியும். ஸ்வாப் கூட அனுப்பின படிவத்துல அறிகுறி தொடங்கின தேதி இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க. அது விட்டுப்போயிருந்தா ஸ்வாப் எடுத்த தேதி. எப்படிப் பிரிச்சாலும் கடைசி 2 வாரம் முழுசா வந்து சேர்ந்திருக்காது; கிராஃப்ல சாம்பல் நிறத்துல போட்டுட்டு, அதுக்கு முந்தின வாரங்களை வெச்சுப் பேசுங்க.

இன்னொண்ணு, ஃப்ளூ வைரஸ்ல ஏ வகையைச் சேர்ந்த எச்1என்1, எச்3என்2, அப்புறம் பி வகை, மூணுக்கும் தனித்தனிக் கோடு போடுங்க. ஏ வகை இறங்கறப்பவே பி ஏறலாம், கூட்டுத்தொகையில அது தெரியாது. அட்மிஷனும் இறப்பும் பிந்தித்தான் இறங்கும், அதனால வார்டு நிறைஞ்சிருக்கறதை வெச்சு அலை இன்னும் ஏறுதுன்னு எழுதிடாதீங்க.