போர்ஷே 944 டர்போவா, டொயோட்டா சுப்ராவா?

கேள்வி (மார்த்தாண்டம், தற்போது மஸ்கட்):
அண்ணன்மாருக்கு வணக்கம். டர்போ பொருத்திய பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழைய வண்டியை ஊருக்கு இறக்குமதி செய்ய விதிகள் இடம் தரமாட்டா என்பதால் மஸ்கட்டிலேயே வைத்துக்கொள்வேன். ஜெர்மனியின் போர்ஷே 944 டர்போ, ஜப்பானின் நான்காம் தலைமுறை சுப்ரா டர்போ ஆகிய இரண்டில் எதை எடுக்கலாம்?

பதில் (தக்கலை):
தம்பி, வளைகுடாவில் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எஞ்சினை மட்டும் பார்த்தால் சுப்ராவுக்கு நிகரில்லை. 1993-இல் வெளிவந்த அந்த வண்டியின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் 2ஜேஇசட் எஞ்சினுக்கு வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் அடங்கிய எஞ்சின் உடல்). டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. சுப்ராவின் இரண்டு டர்போக்களும் எப்போதும் சேர்ந்து இயங்குவதில்லை. குறைந்த வேகத்தில் எக்ஸாஸ்ட் வாயு முழுவதும் முதல் டர்போவுக்கே போவதால் அது விரைவில் சுழன்று இழுவையைத் தந்துவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 சுற்றுகளை எட்டும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்த மாற்றத்தை நடத்துபவை சிறு வால்வுகளும் மெல்லிய வேக்குவம் ரப்பர் குழாய்களும்தான். முப்பது ஆண்டு எஞ்சின் சூட்டில் அந்தக் குழாய்கள் வெடித்திருந்தால் இரண்டாவது டர்போ எழாது. ஓட்டிப் பார்க்கும்போது அந்த இரண்டாம் உந்தல் தெளிவாக வருகிறதா என்று கவனியுங்கள்.

ஆனால் ஓமானில் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிதான் உங்களுக்குச் சரிப்படும். ஜப்பான் சந்தைக்குச் செய்தவை வலப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. இடப்பக்க டர்போ சுப்ராக்கள் குறைவு என்பதால் விலை மிக அதிகம். டர்போ இல்லாத சுப்ராவில் பின்னாளில் டர்போ ஏற்றி விற்பவர்களும் உண்டு. சேசிஸ் எண்ணைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதில் (நாகர்கோவில்):
என் விருப்பம் 944 டர்போதான். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், ஒற்றை டர்போ. தொடக்கத்தில் 220 குதிரைத்திறன், பின்னர் 250. சுப்ராவின் வலு இதில் இல்லை. டர்போ விழித்துக்கொள்ளச் சற்று நேரமும் ஆகும். எனினும் எஞ்சினை முன்னாலும் கியர்பாக்ஸைப் பின் அச்சிலும் வைத்து எடையைச் சமமாகப் பகிர்ந்திருப்பதால், வளைவில் அது காட்டும் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட், எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் தண்டுகளைச் சுழற்றும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் இரண்டையும் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் இடித்து வால்வுகள் வளைந்துவிடும். அந்தச் செலவு சிறியதல்ல.

பதில் (குளச்சல்):
மஸ்கட்டும் கடலோரம் என்பதை யாரும் சொல்லவில்லையே. ஆடிக்காற்றில் உப்புப் படிந்து கதவின் கீழ்விளிம்பு பொரிந்து போகும் கார்களை இங்கே டிங்கரிங் பட்டறைகளில் தொடர்ந்து பார்க்கிறோம். 944-இன் உடல் துத்தநாகம் பூசிய தகடு என்பது பெரிய பலம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. பேட்டரி வைக்கும் தட்டு அமிலத்தில் அரித்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆகவே தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் அங்கும் துரு பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணன்மாரே. 944 பக்கமே மனம் சாய்கிறது. விற்பவரிடம் பெல்ட் ரசீதையும், பேட்டரி தட்டு, சில் ஆகியவற்றின் படங்களையும் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.