புதுத்தண்ணி வந்ததுலருந்து மீன் கடிக்கவே மாட்டேங்குதுங்க, உதவி

பள்ளத்தூரான்:
அண்ணா, வணக்கமுங்க. போன வாரம் வரைக்கும் நல்லா எடுத்துச்சு. இப்ப மூணு நாளா தக்கை அசையவே மாட்டேங்குது. முள்ளு மாத்தியாச்சு, தூண்டில் நரம்பும் மாத்தியாச்சு. நாளைக்கு மச்சான் வர்றாப்ல. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

கொடிவேரி_கரை:
எந்த ஓடைப் பள்ளமுங்க? என்ன மீனு? இரை என்ன? தண்ணி என்ன நெறத்துல ஓடுது?

தக்கைமணி:
அமாவாசைய ஒட்டிக் கடி கொறையுமுங்க. எங்கய்யன் காலத்துலருந்து பாக்கறேன். ரெண்டு நாள் பொறுங்க.

மூத்த_தூண்டில்:
எத்தன தடவ சொல்றது? எடம், ஆழம், நேரம் எதுவும் சொல்லாமக் கேட்டா யாரு என்ன பண்ண முடியும்? வைத்தியர்கிட்டப் போயி வலிக்குதுன்னு மட்டும் சொல்லுவீங்களா? தண்ணி குளுந்திருக்கும், மீன் அடியில சோம்பிக் கெடக்கும். வெளிநாட்டுல இளவேனில் தொடக்கத்துல ஓடையில ட்ரவுட் மீனு புடிக்கறவங்க, வெயில் ஏறுன பொறவுதான் போவாங்க. நீங்களும் மத்தியானம் போங்க.

பள்ளத்தூரான்:
மன்னிச்சுக்குங்க. அந்தியூர்ப் பக்கம், பர்கூர் மலையிலருந்து எறங்கற சின்னப் பள்ளம். காட்டுக்கு வெளிய, எங்க தோட்டத்த ஒட்டி ஓடுது. கெண்டை, ஆரல். மைதா உருண்டைதான் போடறேன். மலையில கோடை மழை பேஞ்சு செந்தண்ணி வந்துச்சு, அதச் சொல்ல மறந்துட்டேன்.

கொடிவேரி_கரை:
அட, அதுதானுங்க விசயமே! செந்தண்ணி ஓடறப்ப கரையிலருந்து புழு, பூச்சி, கரையான் எல்லாம் அடிச்சுட்டு வரும். மீனுக்கு வயிறு நெறஞ்சிருக்கும், மைதாவத் திரும்பிப் பாக்காது. அந்த இழுப்புல மைதா நிக்கறதும் இல்ல. முள்ள எடுத்துப் பாருங்க, வெறும் முள்ளுதான் இருக்கும். இப்ப தண்ணி வடியுதா, ஏறுதா? கைய முழங்கை வரைக்கும் விட்டுப் பாருங்க. வெரல் நகம் மங்கலாத் தெரிஞ்சா அதுதான் நல்ல பதம். ஓட்டத்துக்கு நடுவுல போடாதீங்க. பாறைக்குப் பின்னால தண்ணி சுழிச்சு நுரை நிக்குமே, அங்க மண்புழு கோத்து, சின்ன ஈயம் கட்டித் தரையத் தொட விடுங்க. முழுசாத் தெளிஞ்சுட்டா மெல்லிசு நரம்பு வேணும், உங்க நெழலு தண்ணில விழக்கூடாது.

அவலாஞ்சி_குளிர்:
மூத்தவரே, ட்ரவுட் கணக்கக் கெண்டைக்குப் போடாதீங்க. நான் ஊட்டியில இருக்கேன். அவலாஞ்சியில 1907லயே ட்ரவுட் பொரிப்பகம் வந்துருச்சு. அது குளிர்தண்ணி மீனு, 20 டிகிரியத் தாண்டுனாத் தவிச்சுப் போகும். நீங்க சொன்ன வெளிநாட்டு ஓடையில பனி உருகி வர்ற தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்கும், அதனால மத்தியானம். 10 டிகிரித் தண்ணில லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரில ஏழரைதான். பங்குனி வெயில்ல முழங்கால் தண்ணி என்ன சூடாகும்? கெண்டை நெழலத் தேடிப் போயிரும்.

மூத்த_தூண்டில்:
மழைத்தண்ணி குளிராதா? நான் முப்பது வருசமாத் தூண்டில் போடறேன்.

அவலாஞ்சி_குளிர்:
குளிருமுங்க, மொத நாளு. இது மூணாம் நாளு.

தக்கைமணி:
எல்லாத்துக்கும் ஜிலேபி மீனுதான் (திலாப்பியா) காரணம். அது வந்து நம்ம கெண்டை, ஆரல் எல்லாம் போச்சு.

கொடிவேரி_கரை:
ஜிலேபி இந்தியாவுக்கு வந்தது 1952ல. நம்ம மீனுக்கு அதனால கெடுதல்தான், நானும் ஒத்துக்கறேன். ஆனா போன வாரம் கடிச்சது இந்த வாரம் நின்னதுக்கு அது காரணமில்லீங்க. தம்பி, இன்னொண்ணு. புதுத்தண்ணிக்குச் சினைமீனு எதுத்து ஏறும். வயிறு பொடச்ச கெண்டை வந்தா, கைய நனச்சுட்டுப் புடிச்சு, தண்ணிக்குள்ளயே முள்ளக் கழட்டி விட்ருங்க.

மூத்த_தூண்டில்:
அது சரி. அதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்ல.

பள்ளத்தூரான்:
மண்புழு, பாறை மறைவு, சாயங்காலம் அஞ்சரை. மூணு கெண்டை, ஒரு ஆரல். சினை ஒண்ண விட்டுட்டேன். மச்சான் வந்துட்டாப்ல, வர்றேனுங்ணா.