அடுக்குமாடி வீட்டில் சப்வூஃபர்: கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் வைக்க முடியுமா?

கேள்வி: சென்னையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். சிறிய கூடத்தில் 8 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) வைத்தால், கீழ்வீட்டுப் பெரியவரின் தூக்கம் கெடாமல் படம் பார்க்க வழியுண்டா?

பதில் 1: சப்வூஃபருக்கு அடியில் போடும் ரப்பர் மெத்தை, பெட்டியின் அதிர்வு தரையில் இறங்குவதை மட்டுமே குறைக்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர் என்பதால், காற்றுவழிப் பரவும் பாஸை (தாழ்ந்த ஒலியை) அந்த மெத்தையோ, கடைக்காரர் ஆசைகாட்டி விற்கும் சுவர் ஸ்பாஞ்சோ தடுக்காது.

பதில் 2: மூலை பாஸைப் பெருக்கும், அங்கே வேண்டாம். சோபாவை ஒட்டிப் பின்னால் வைத்தால், ஒலியளவைக் குறைத்தாலும் உங்களுக்கு நிறைவாகவே கேட்கும்.

பதில் 3: இரவில் ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியின்) நைட் மோடைப் போடுங்கள், வெடிச்சத்தம் அடங்கும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது விதி என்றாலும், அந்த அளவீட்டு முறை தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுவதால், ஒலியளக்கும் கைபேசிச் செயலியை நம்பாமல், படத்தை ஓடவிட்டுக் கீழ்வீட்டுக்கே சென்று காதால் கேட்டுப் பாருங்கள்.