புதுப்பிப்பு: ஆலை மெக்சிகோ போகிறது, டிஏஏ கிடைக்குமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் கார் வயரிங் ஆலையை மெக்சிகோவுக்கு மாற்றுகிறார்கள், டிஏஏ என்ற அரசு உதவி கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேலைவாய்ப்பு மையத்தில் விசாரித்தாயிற்று. கிடைக்காது.

வேலை வெளிநாடு போனாலோ, இறக்குமதியால் அடிபட்டாலோ தொழிலாளிக்குக் கைகொடுக்க 1962-ல், அதிபர் கென்னடி காலத்தில் வந்த திட்டம் இது. மூன்று தொழிலாளிகள் சேர்ந்து மனுப் போட்டாலே போதுமாக இருந்தது. ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திட்டத்தை நீட்டிக்காததால் 2022 ஜூலை 1 முதல் புது மனுவையே வாங்குவதில்லை. அதற்கு முன் மனு ஏற்கப்பட்டுச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் உதவி தொடர்கிறது.

சரி, மிச்சம் என்ன? வேலையின்மைப் படி உண்டு. இங்கே அதிகபட்சம் 26 வாரம். டபிள்யூஐஓஏ என்ற மத்திய அரசின் வேலைப் பயிற்சிச் சட்டத்தின் நிதியில் பயிற்சிக் கட்டணமும் கேட்கலாம். வெல்டிங்குக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

சிக்கல் அதற்கப்புறம்தான். டிஏஏ-வில் வேலையின்மைப் படி தீர்ந்தாலும் பயிற்சிக் காலத்துக்கு வாராவாரம் பணம் வந்தது. இப்போது கட்டணம் கட்டுவார்கள், வாடகைக்கு நாம்தான் வழி பார்க்க வேண்டும். என் பக்கத்து மேசைக்காரருக்கு 58 வயது. குறைந்த சம்பளத்துக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை, இரண்டு வருடத்தில் 10,000 டாலர் வரை, 50 வயது தாண்டியவர்களுக்கு டிஏஏ கொடுத்தது. அவர் இப்போது கிடங்கு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். இறக்குமதி வரி பற்றி மணிக்கணக்கில் பேசுகிற இரண்டு கட்சிக்காரர்களும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

வெல்டிங் வகுப்பில் இடம் கிடைத்ததும் எழுதுகிறேன்.