11×16 ஹாலில் சர்ரவுண்ட் ஸ்பீக்கர் எங்கே? திங்கள்கிழமை பூச்சு வேலை

திருப்பாலைவாசி:
அண்ணன்மாரே, திருப்பாலையில வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். ஹால் 11 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம், செங்கல் சுவர். டிவி 11 அடிச் சுவர்ல. எதிர்ச் சுவரை ஒட்டி மூணு பேர் உட்கார்ற சோபா. சோபாவுக்கு வலது பக்கம் அடுக்களை வாசல், அந்தச் சுவர்ல ஸ்பீக்கர் மாட்ட இடமில்லை. திங்கள்கிழமை பூச்சு ஆரம்பிக்கிறாங்க, அதுக்குள்ள காடி வெட்டி பைப் புதைக்கணும். 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்) போதுமா, 7.1 (பின்னாடி இன்னொரு ஜோடி) போகலாமா? என்ன உயரம், என்ன ஒயர்?

வைகைக்கரை:
தம்பி, பைப்பை விடுங்க, முதல்ல சோபா எங்கேன்னு முடிவு பண்ணுங்க. சுவரை ஒட்டிப் போட்டா அந்த ஓரத்துல பேஸ் (தாழ்ந்த சத்தம்) குவிஞ்சு எல்லாமே தொம் தொம்னு கேட்கும். சோபா முதுகுக்கும் சுவருக்கும் நடுவுல இரண்டரை அடி விடுங்க. தலை சுவர்ல இருந்து மூன்றரை அடி தள்ளி வரும்.

டிவியை நேரா பார்க்கிறது 0 டிகிரின்னா, 5.1-ல சர்ரவுண்ட், அதாவது பின்பக்கச் சத்தம் தர்ற ஜோடி, நிக்க வேண்டிய இடம் 110-ல இருந்து 120 டிகிரி. பக்கச் சுவர்னா காதுக்கு நேரா இல்லாம 2, 3 அடி பின்னாடி. உங்களுக்கு வலது பக்கம் வாசல் வந்துடுச்சு. அதுக்காக இடதை மட்டும் பக்கச் சுவர்ல மாட்டிட்டு வலதை வேற இடத்துல வைக்காதீங்க, சத்தம் ஒரு பக்கமா இழுக்கும். ரெண்டையும் பின்சுவர்லயே, மூலையில இருந்து அரை அடி தள்ளி மாட்டி, நடு சீட்டைப் பார்த்துத் திருப்புங்க. 125 டிகிரி வரும். அஞ்சு டிகிரி கூடுறது பெரிசில்லை, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். அடுக்களைக் கதவு உள்பக்கம் திறந்து மூலையை மறைக்குதான்னு மட்டும் பார்த்துக்குங்க.

உட்கார்ந்தா காது மூன்றரை அடி உயரம். ட்வீட்டர் (ஸ்பீக்கர்ல கீச்சுச் சத்தம் தர்ற சின்னப் பகுதி) 5 அடியில இருக்கட்டும், பக்கத்துல இருக்கிறவர் தலை மறைக்காது. நிறைய வீட்டுல 7, 8 அடியில மாட்டி கீழே பார்க்க வச்சிருப்பாங்க. பின்னால வர வேண்டிய மழைச் சத்தமெல்லாம் மேல போயிடும்.

7.1 வேண்டாம். பின் ஜோடிக்கு 135–150 டிகிரி வேணும். 125-ல ஏற்கெனவே ஒண்ணு இருக்க, அதே சுவர்ல இன்னொரு ஜோடி மாட்டி வித்தியாசம் தெரியாது.

வாங்கும்போது முன்பக்க ஸ்பீக்கர் எந்த சீரிஸோ அதே சீரிஸ்ல சின்னப் பெட்டியா வர்ற புக்‌ஷெல்ஃப். போர்ட் (பெட்டியில காத்து வர்ற துளை) முன்பக்கம் இருக்கணும், இல்லைன்னா மூடின பெட்டி. பின்பக்க போர்ட் சுவரை ஒட்டினா அங்கேயும் தொம் தொம்தான்.

மதுரை ஒயர்மேன்:
பைப் வேலைக்கு நான் சொல்றேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஆம்ப் (ரிசீவர்) இருக்கிற இடத்துல இருந்து தனி 25 எம்எம் பிவிசி. எல்போ (சட்டுனு திரும்புற மூட்டு) போடாதீங்க, பெண்டு (நீளமா வளையுறது) போடுங்க. உள்ள இழுப்புக் கம்பியை விட்டு வைங்க. எச்டிஎம்ஐ போற பைப் மட்டும் 40 எம்எம், அந்தக் கேபிளோட தலை 25-ல வளைவுல மாட்டிக்கும். கரண்ட் பைப்பும் இதுவும் கூடவே ஓடினா ஒரு அடி இடைவெளி. குறுக்கே தாண்டணும்னா நேர் குறுக்கா தாண்டுங்க.

ஒயர் ரெண்டு கோர் செம்பு. 15 மீட்டருக்குள்ள 1.5 ஸ்கொயர் (சதுர எம்எம்), அதுக்கு மேலயோ 4 ஓம் ஸ்பீக்கரோன்னா 2.5. கடையில ஸ்பீக்கர் ஒயர்னு கேட்டா 23/76 கொடுப்பாங்க, அது ரொம்ப ஒல்லி. செம்பு முலாம் பூசின அலுமினியமும் விக்குது. ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா வேண்டாம்.

திருப்பாலைவாசி:
இரண்டரை அடி விட வீட்டுல சம்மதிக்க மாட்டாங்கண்ணே. ஒன்றரை அடின்னா? மேலிருந்தும் சத்தம் வர்ற அட்மாஸும் ஆசை இருக்கு.

வைகைக்கரை:
ஒன்றரை அடியும் சரிதான். கோணம் 117-க்கு வந்துடும், அது இன்னும் நல்லது. பேஸ் கொஞ்சம் கூடும். ஓரத்து சீட்டுக்கு ஸ்பீக்கர் கிட்ட வந்துடும், அதுக்கு ட்வீட்டரை ஐந்தரை அடிக்கு ஏத்துங்க.

அட்மாஸ்னா 5.1.2, அதாவது 5.1-ஓட கூரையில ரெண்டு ஸ்பீக்கர். அப்ப சர்ரவுண்டை ஏத்தக் கூடாது, நாலரை அடிக்கு இறக்கணும். இல்லைன்னா மேல் சத்தமும் பின் சத்தமும் கலந்துடும். கூரை ஸ்பீக்கர் ரெண்டும் தலைக்கு ஒன்றரை, ரெண்டு அடி முன்னாடி, முன்பக்க ஸ்பீக்கர்கள் வரிசையில. சோபா மேல ரெண்டாவது ஃபேனுக்கு பாயிண்ட் விட்டிருந்தா இப்பவே யோசிங்க. 48 இஞ்ச் ஃபேன் இறக்கை நடுவுல இருந்து ரெண்டு அடி சுத்தும், ஸ்பீக்கர் அதுக்கு வெளியே நிக்கணும்.

வில்லாபுரம் ஆடியோ:
ஒண்ணு ரெண்டு சேர்த்துக்கறேன். பூசி மூடுறதுக்கு முன்னாடி பைப் வழி எல்லாத்தையும் டேப் வச்சு ஃபோட்டோ எடுங்க, பின்னாடி பிராக்கெட்டுக்குத் துளை போடும்போது உதவும்.

ஸ்பீக்கர் மாட்டினதும், ஆம்ப்ல இணைக்காம, ஒயரோட ஆம்ப் முனையில 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்க. பிளஸ்ஸுக்கு பிளஸ் சரின்னா கோன் வெளியே தள்ளும். உள்ளே போனா ஒயர் மாறியிருக்கு. ஒரு ஸ்பீக்கர் மாறினாலும் சத்தம் மெலிஞ்சு, எங்கிருந்து வருதுன்னே தெரியாது.

ரிசீவர் செட்டிங்ல எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்'னு வைங்க, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்; அதுக்குக் கீழ வர்ற பேஸ் சப்வூஃபருக்குப் போயிடும். ரிசீவர் அளவெடுக்கிற மைக்கை சோபா முதுகு மேல வைக்காம ஸ்டாண்டுல, காது உயரத்துல. ஃபேன், ஏசி நிறுத்திட்டு அளவெடுங்க. சப்வூஃபர் தூரம் நிஜத்தைவிட அதிகமா காட்டினா மாத்தாதீங்க, சப்வூஃபருக்குள்ள ஆகுற தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடுது.

அந்த அளவை டைல்ஸ் தரை வெறுமனே இருக்கும்போது எடுக்காதீங்க. சோபாவுக்கு முன்னாடி கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு விளக்குத்தூண் பக்கம் கிடைக்கிற தடிமன் திரைச்சீலை, ரெண்டும் வந்த பிறகு எடுங்க.