கொள்ளிடத்தில் மீன் மேலே ஏற வழி: தெரிஞ்சவங்க சொல்லுங்க

அணைக்கரை:
கடலிலிருந்து மீன் அணைகளைத் தாண்டி மேலே ஏறணும்னா, காவிரி வழியா ஆரம்பிக்காதீங்க. மேலையூர் கடைமுகக் கதவணையிலிருந்து கல்லணை வரைக்கும் வரிசையா தடுப்பு. கொள்ளிடத்தில் எண்ணிக்கை குறைவு: ஆதனூர்-குமாரமங்கலம் கதவணை, 1836இல் கட்டின கீழணை, அப்புறம் முக்கொம்பு.

முட்டை போட கடலிலிருந்து ஆத்துக்கு வர்ற உல்லத்துக்கு (ஹில்சா மீன்) படிப்படியா தண்ணி விழற தொட்டி ஆகாது. அது துள்ளாத மீன். தொட்டிக்குத் தொட்டி நடுச்சுவரில் அடியிலிருந்து மேல் வரைக்கும் ஒரே செங்குத்துப் பிளவு விடணும். தரையோட போற மீனும் மேலாக நீந்தறதும் அதது போக்கில் போகும். ஆத்து மட்டம் ஏறி இறங்கினாலும் பாதகமில்லை.

மேல் கீழ் மட்ட வித்தியாசம் 2 மீட்டர்னா, பிளவுக்கு 15 செ.மீ. இறக்கம் வெச்சு 14 பிளவு. தொட்டி நீளம் 3 மீட்டர், மொத்தம் சுமார் 40 மீட்டர். பிளவில் வேகம் நொடிக்கு 1.7 மீட்டர். கட்டுமானச் செலவைக் குறைக்க இறக்கத்தை 30 செ.மீ. ஆக்கினா வேகம் 2.4 ஆயிடும். சின்ன மடவை அங்கேயே நின்னுடும்.

சீர்காழி:
அண்ணே, குறுவைக்கே தண்ணி இழுபறி. மீனுக்கு யார் தருவா? ஷட்டரை ஒரு சாண் தூக்கினா போதாதா?

அணைக்கரை:
போதாது தம்பி. 2 மீட்டர் தண்ணி அழுத்தத்தில் ஷட்டருக்கு அடியில் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல பீறிடும். எந்த மீனும் எதிர்க்காது. 30 செ.மீ. அகலப் பிளவில் 1 மீட்டர் ஆழம் ஓடினா வினாடிக்கு சுமார் 12 கன அடிதான். ரெண்டு மாசம் விடாம ஓடினாலும் 0.06 டிஎம்சி. வெள்ளத்தில் கொள்ளிடம் கடலில் கொட்டறதுக்கு முன்னால இது கணக்கிலேயே வராது.

இந்த மீன் வழி கெட்டுப்போறது பெரும்பாலும் மீன் நுழையற கீழ்வாயில்தான். மீன் வந்து முட்டறது ஷட்டருக்கு நேர் கீழே, நுரை அடிக்கற இடத்தில். வழியோட வாயை 50 மீட்டர் தள்ளி வெச்சா அதுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து ஷட்டரை அளவா திறந்தா அந்த ஓட்டம் மீனை இழுக்கும். முழுசா திறந்தா சுழலில் வாய் மறைஞ்சிடும். அங்கே வீச்சுவலைக்காரங்களை நிக்க விட்டா மொத்தமும் வீண்.

பூம்புகார்:
எல்லாரும் உல்லத்தையே பேசறீங்க. மேட்டூர் 1934இல் வந்தப்பவே அது அடிபட்டுப்போச்சு. விலாங்கு கடலில் முட்டை போட்டு, குஞ்சு ஆத்துக்கு வரும். அதுக்குச் செலவே கம்மி. தேங்காய் நார்க் கயிறைக் கத்தையாக் கட்டி சுவரில் சாய்வா போடுங்க. கீழ்முனை எப்பவும் தண்ணிக்குள்ள, மேல்முனை மேல்பக்கத் தண்ணிக்குள்ள இருக்கணும். பாதியில் முடிஞ்சா குஞ்சு திரும்ப விழுந்துடும். சின்னக் குழாயில் தண்ணி கசிஞ்சு கயிறு நனைஞ்சுகிட்டே இருக்கணும். ராத்திரிலதான் ஏறும். ஆத்து இறால் குஞ்சும் இதே வழியில் ஏறும். கொக்குக்கு மேல ஒரு மூடி. நார் மக்கிடும், வருஷா வருஷம் மாத்துங்க.

அணைக்கரை:
சரிதான். பிளவுக்கும் பராமரிப்பு உண்டு: ஆகாயத்தாமரை அடைக்கும், வெள்ளம் வடிஞ்சதும் மணல் தூர்த்துடும். மேல்வாயில் ஒரு பலகை அடைப்பு வெச்சா, மூடிட்டு வாரலாம்.